குத்தாமல் கேட்டது

வால்டிவியா, சிலி
மே 18, 1993

சுல்மா,

ஃபோனில் இரண்டு தடவையும் நான் பேச ஆரம்பிக்குமுன் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிக்கும்போதும் நாலு வார்த்தை கண்ணில் பட்டுத்தானே தீரும்.

வந்து சேர்ந்துவிட்டேன். மழை. நம் ஊரில் மழை பிடித்தால் தோர்த்தா ஃப்ரீத்தா அப்பம் பொரிக்கிற வழக்கத்தை இங்கே கடைப்பிடித்தால் அடுப்பை அணைக்கவே முடியாது. ஆற்றங்கரையில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. மீன் சந்தைக்குப் பின்னால் கடல் சிங்கங்கள் படுத்துக்கொண்டு நாள் முழுக்க ஏப்பம் விடுகின்றன. ஆய்வுக்கூடம் புத்தம் புதுசு. மேஜை காற்றில் மிதக்கிறது, துளி அதிர்வு இல்லை. மொன்டெவிடியோவில் நாம் டிராக்டர் டியூப்பின்மேல் பலகை போட்டு வேலை செய்தோம் என்றேன், ரோசாமெல் நம்பவில்லை. ரோசாமெல் இங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். நல்லவன், வாய்தான் நீளம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் செல்கள் துடிக்கவில்லை.

எலியின் நடுமூளையை நாம் சீவுகிற அதே தடிமனில்தான் சீவுகிறேன். அதே உப்பு நீர். நம் டோபமைன் செல்களைத்தான் தேடிப் பிடிக்கிறேன். இங்கே ஊசியால் குத்துவதில்லை, புது முறை. வாய் அகன்ற கண்ணாடிக் குழாயைச் செல்லின் தோல்மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், கன்னத்தில் முத்தம் வைத்தமாதிரி ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு உறிஞ்சு உறிஞ்சினால் தோல் கிழிந்து உள்ளே வழி திறக்கும். ஸ்பீக்கரில் டக், டக், டக் என்று நம் செல்லின் அதே நடை கேட்கும். நான் நாற்காலியில் சாய்ந்து உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் டக்... டக்... பிறகு ஒன்றுமில்லை. செல் சாகவில்லை. தூண்டினால் பதில் சொல்கிறது. தானாகத் துடிப்பதை மட்டும் விட்டுவிடுகிறது.

ரோசாமெல் தினமும் கதவைத் திறந்து, “என்ன டாக்டரே, உங்க பசங்க இன்னிக்கும் மௌன விரதமா? ஊர் ஏக்கமா இருக்கும், விடுங்க” என்கிறான்.

யார் தூண்டுதலும் இல்லாமல் துடிக்கிற செல் என்று பெரிசாக எழுதித்தான் இந்த வேலையை வாங்கினேன். வருஷக் கடைசியில் கேட்பார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஜனவரி விடுமுறைக்கு இங்கே வருவாயா? நாம் இன்னும் கணவன் மனைவிதானா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வால்டெமார்

*

மொன்டெவிடியோ
ஜூன் 2, 1993

வால்டெமார்,

கிழிக்கவில்லை. கிழித்தால் குப்பையை நான்தானே பொறுக்க வேண்டும்.

உன் பெரிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீ சிலிக்குக் கையெழுத்துப் போட்டதை எனக்கு யார் சொன்னது தெரியுமா? கல்லூரி வாசலில் நிற்கிற காவல்காரர். “டாக்டர் சிலி போறாராமே, நீங்க எப்பம்மா கிளம்புறீங்க?” என்று கேட்டார். நான் சிரித்தேன். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்றேன். ஒன்பது வருஷக் கல்யாணத்தில் அந்தச் சிரிப்பைப்போல எதுவும் எனக்கு வலித்ததில்லை.

இருப்பது ஒரே பேராசிரியர் பதவி, நாம் இரண்டு பேர், நீ ஒதுங்கி எனக்கு வழிவிட்டாய் என்று ஊரே உன்னை மெச்சுகிறது. பெரிய மனுஷன்! போட்டியில் நான் உன்னை ஜெயித்திருக்க மாட்டேன் என்று யார் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

செல் விஷயத்துக்குப் பதில் உண்டு. தொட்டியின் சூட்டைப் பார். நீ எப்போதும் குளிர்ந்த நீரில் வைத்துவிட்டு மறந்துபோகிறவன். உப்பு நீரில் மக்னீசியத்தை அளந்து பார். அதற்கும் சரியாகவில்லை என்றால் உன் கையைப் பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருஷமும் ஊசி குத்தியது நான், ஸ்பீக்கர் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தது நீ. இப்போது தெரிகிறதா?

எனக்கு டிசம்பரில் போட்டி. நடுவர்கள் முன்னால், ஊர் வந்து உட்கார்ந்து கேட்கிற பொதுச் சொற்பொழிவு. நம் கட்டுரையைத்தான் பேசப்போகிறேன். செல்லின் தோலில் சோடியம் ஓயாமல் கசிந்து உள்ளே வருகிறது, அந்தக் கசிவுதான் துடிப்பைக் கிளப்புகிறது என்று நாம் சொன்னதை. நடுவர்களில் ஒருவர் மாட்டு வைத்தியர். மாட்டின் இரைப்பையைத் தவிர வேறு எதையும் மதிக்காதவராம்.

சுல்மா

*

வால்டிவியா
ஜூன் 20, 1993

சுல்மி,

சூடு சரியாக இருக்கிறது. மக்னீசியம் சரியாக இருக்கிறது. என் கையையும் பார்த்தேன், சுமாராகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய் செல்லோடு ஒட்டுவது அச்சு அசலாக ஒட்டுகிறது. இந்தச் செல்களில் கசிவே இல்லை, சுல்மி.

நேற்று ஒன்று செய்து பார்த்தேன். மௌனமாகிவிட்ட செல்லுக்குள் குழாய் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் விட்டேன். நாம் அங்கே அளந்த கசிவு எவ்வளவோ அவ்வளவுதான் விட்டேன். உடனே டக், டக், டக். நம் கட்டுரையில் இருக்கிற அதே வேகம். நிறுத்தினேன், அதுவும் நிறுத்திவிட்டது.

ஊசியால் குத்தினால் குத்தின இடத்தில் தோல் ஊசியைச் சுற்றி முழுசாக மூடிக்கொள்ளாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சந்தில் சோடியம் உள்ளே ஒழுகும். நாம் அளந்த கசிவு செல்லினுடையதா, நம் ஊசியினுடையதா? நாம் கேட்ட துடிப்பு செல் தானாகத் துடித்ததா, நாம் குத்தியதால் துடித்ததா?

நம் கட்டுரை தப்பாக இருக்கலாம். டிசம்பரில் உனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இந்த முறையாவது உனக்கு மூன்றாம் மனிதர் வாயால் தெரியக் கூடாது என்று நினைத்தேன்.

மனசு சரியில்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ரோசாமெல் மாத்தே போட்டுக்கொண்டு வந்தான். ஆசையாக வாங்கி உறிஞ்சினால் சர்க்கரை! “எங்க ஊர்ல இப்படித்தான் டாக்டரே, கசப்பைக் குடிக்க நாங்க என்ன பாவம் பண்ணோம்?” என்கிறான். மாத்தே போட நான் கொண்டுவந்த யெர்பா இலை தீர்ந்துபோயிற்று. கடையில் இருப்பது வைக்கோல்.

வால்டெமார்

*

மொன்டெவிடியோ
ஜூலை 9, 1993

வால்டெமார்,

ஆக, என் கை ஓட்டை போட்டது. ஓட்டை வழியே ஒழுகினதை நான் உலகத்துக்குக் கண்டுபிடிப்பு என்று காட்டினேன். சரி.

நமக்குப் பிள்ளை இல்லை. டாக்டர் வீடு, மாதா கோயில், உன் அத்தையின் கஷாயம், எல்லாம் ஆயிற்று. அந்தக் கட்டுரை அச்சில் வந்த அன்றைக்கு நீ அதைக் கையில் ஏந்திக்கொண்டு ராம்ப்லா சாலை முழுக்கக் கடலோரமாய் நடந்தாய், “மூக்கு உன்னை மாதிரி” என்றாய். நான் அதை மறக்கவில்லை. இப்போது நீயே வந்து அது என் பிள்ளை இல்லை என்கிறாய்.

உன் செல் துடிக்காததற்கு ஒரு காரணம் வேண்டும், இல்லாவிட்டால் அங்கே உன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள். காரணத்துக்கு என் கைதான் கிடைத்ததா?

இனி ஆய்வைப் பற்றி எழுதாதே. வேறு எதைப் பற்றியும் எழுதாதே.

சுல்மா

*

வால்டிவியா
ஜூலை 27, 1993

சுல்மி,

ஆய்வைப் பற்றியும் எழுதக் கூடாது, மற்றதைப் பற்றியும் எழுதக் கூடாது. சரி. இன்று இங்கே மழை. உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றேன். இதை எதிலும் சேர்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஒன்றே ஒன்று. நான் ஊசியைச் சொன்னேன், உன் கையைச் சொல்லவில்லை. உன் கை எனக்குத் தெரியும். உப்பு நீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய், குளிர்காலத்தில் என் முதுகில் வைத்தால் நான் அலறுவேன், நீ எடுக்க மாட்டாய். இங்கே அறையில் நல்ல ஹீட்டர் இருக்கிறது. முதுகு சூடாகத்தான் இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

பதில் போட வேண்டாம்.

வால்டெமார்

*

வால்டிவியா
செப்டம்பர் 14, 1993

சுல்மி,

நீ எழுதாதே என்றாய், நானும் ஆகஸ்ட் முழுக்க அடங்கி இருந்தேன். இன்று முடியவில்லை.

காலையில் ஒரு செல்லோடு குழாயை ஒட்டவைத்தேன். அடுத்த உறிஞ்சு உறிஞ்சி உள்ளே போக வேண்டும். அந்த நேரம் பார்த்து ரோசாமெல் ஓடிவந்தான். “டாக்டரே! நம்ம வாசல்ல கடல் சிங்கம்! உங்க காருக்கு முன்னாடி படுத்துக்கிச்சு!” எனக்குக் கார் ஏது? “அப்போ யார் காரோ, வாங்க வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். எருமை அளவு ஒரு கிழட்டு ஆண். போலீஸ்காரர் லத்தியால் தரையில் தட்ட, அது அவரைப் பார்த்து ஒரு ஏப்பம் விட்டது. தெருவே சிரித்தது. சிரித்து முடித்துத் திரும்பி வந்தால் அறையில் டக், டக், டக்.

முதலில் எதுவோ பழுது என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நான் இன்னும் தோலைக் கிழிக்கவில்லை. குழாய் வெளியே ஒட்டியபடியே இருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு போகவில்லை, ஒரு சொட்டு வரவில்லை. செல் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் போகாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். நிற்கவே இல்லை. நம் கட்டுரையில் இருக்கிற வேகம் இல்லை, அதைவிட நிதானம்.

பிறகு கிழித்தேன். மெல்ல மெல்ல அடங்கிப்போயிற்று.

என் குழாயில் இருக்கிற உப்பு நீர் செல்லுக்குள் இருப்பதையெல்லாம் கழுவி எடுத்துவிடுகிறது, சுல்மி. வீட்டுக்குள் புகுந்து சாமானையெல்லாம் அள்ளி வெளியே போட்டுவிட்டு, ஏன் இன்னும் உலை வைக்கவில்லை என்று கேட்டமாதிரி. உன் ஊசி அதை அவசரப்படுத்தியது. என் குழாய் அதைக் காலி பண்ணியது. உன் துடிப்பிலும் பாதி பொய், என் மௌனம் முழுப் பொய். அது யாரும் இல்லாமல்தான் துடிக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளே இல்லை.

வால்டெமார்

*

மொன்டெவிடியோ
செப்டம்பர் 15, 1993

வால்டெமார்,

எழுதக் கூடாது என்று சொன்னவள் நான்தான், எழுதுகிறவளும் நான்தான். சிரிக்காதே.

உன்னைப் பொய்யனாக்க வேண்டும் என்றே ஆகஸ்ட் பூராவும் உழைத்தேன். ஊசியைச் செல்லுக்குள் விடாமல் பக்கத்தில், தோலை உரசாமல் நிறுத்தினேன். வெளியிலிருந்தே அதன் துடிப்பு லேசாகக் கேட்கும், தெரியும்தானே. துடித்தது. நிதானமாக, ஒழுங்காக. அப்படியே கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அதே செல்லைக் குத்தினேன். குத்தின உடனே ஓட்டம் பிடித்தது. ஒரு செல் அப்படிச் செய்தால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். எடுத்ததெல்லாம் அப்படியே செய்தன. வீட்டுக்கு வந்து கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் அழுதேன்.

நீ சொன்னது பாதி சரி. பாதி. அதைக் கவனி. ஏனென்றால் நான் அங்கே நிறுத்தவில்லை. குத்தாமலே, வெளியே இருக்கிற சோடியத்தை எடுத்துவிட்டேன். துடிப்பு நின்றது. திரும்ப விட்டேன், வந்தது. ஆக, செல்லுக்குச் சொந்தக் கசிவு உண்டு. நாம் சொன்ன அளவு பெரிசு இல்லை, ஆனால் உண்டு. பிறகு கால்சியம் நுழைகிற கதவுகளை அடைத்துப் பார்த்தேன். சில செல்கள் நின்றுபோயின. சில நிற்கவில்லை, ஆனால் நடை கெட்டுவிட்டது. மூச்சு வாங்க நிற்காமல் ஓடுகிறவன் மாதிரி. கசிவு ஒன்றே கிளப்புகிறது என்று நாம் எழுதினது தப்பு. கசிவே இல்லை என்று நீ பயந்ததும் தப்பு.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. யெர்பா. அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சர்க்கரை போட்டுக் குடிக்கிறாய் என்று ஊரில் யாருக்கும் தெரிந்தால் எனக்குத்தான் அவமானம்.

சுல்மா

*

வால்டிவியா
அக்டோபர் 3, 1993

என் சுல்மி,

உன் கடிதத்தைப் பிரித்து, தேதியைப் பார்த்து, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். இரண்டு கடிதமும் மலைக்கு மேலே எங்கேயோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன. ரோசாமெல், “யாராவது செத்துட்டாங்களா டாக்டரே?” என்று கேட்டான். இல்லை, என் பெண்டாட்டி எனக்குப் பாதி சரி என்று எழுதியிருக்கிறாள் என்றேன். “பாதியா! எங்க வீட்ல கால்வாசிகூட வந்ததில்லையே” என்று கைகொடுத்தான்.

யெர்பா வந்தது. அர்த்தம் இல்லாமலே குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சூடு அதிகம்.

இப்போது டிசம்பரை யோசி. நடுவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். கட்டுரையில் திருத்தம் போடத்தான் வேண்டும், ஆனால் போட்டி முடிவு வந்தபின், மார்ச்சில் போடலாம். யாராவது குடைந்து கேட்டால் கணக்குப் போட்டது வால்டெமார், தப்பு அவனுடையது என்று சொல்லிவிடு. நான் அங்கே இல்லை, எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. பழியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

வால்டெமார்

*

மொன்டெவிடியோ
நவம்பர் 6, 1993

ஒல்லிப்பிச்சான்,

மறுபடியும் பார்! மறுபடியும் என்னைக் கேட்காமல் ஒதுங்கி எனக்கு வழிவிடுகிறாய். போன தடவை பதவியை விட்டாய், இந்தத் தடவை உன் பேரை விடுகிறாய். உன்னை யார் தியாகம் பண்ணச் சொன்னது? தப்பு இரண்டு பேருடையது. பேர் இரண்டு அச்சில் இருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

நம் பழைய பேராசிரியர் இருரேத்தாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “பைத்தியமா உனக்கு? சொந்தக் கட்டுரையைத் தானே கிழிச்சுப் போட்டு யாராவது பதவி வாங்குவாங்களா? ஜெயிச்சுட்டு அப்புறம் சொல்லிக்கோம்மா” என்றார். அப்புறம் சொன்னால் நான் ஜெயித்தது எதை வைத்து என்று கேட்டேன்.

சரி, நீ இப்போது அந்த மாட்டு வைத்தியர். கேள். புரியாத இடத்தில் கோடு போட்டு அனுப்பு.

“ஐயா, எல்லா நரம்புச் செல்லுக்கும் உள்பக்கம் வெளியைவிட மின்னழுத்தம் தாழ்ந்து கிடக்கும். பெரும்பாலான செல்கள் யாராவது வந்து தட்டும்வரை அப்படியே கிடக்கும். டோபமைன் செல் கிடக்காது. அதன் தோலில் சில கதவுகள் ஒருபோதும் முழுசாகச் சாத்துவதில்லை. அந்த வழியே சோடியம் துளித்துளியாக உள்ளே வருகிறது, அழுத்தம் மெல்ல ஏறுகிறது. கொஞ்சம் ஏறினதும் கால்சியம் கதவுகள் திறக்கின்றன, இன்னும் ஏறுகிறது. ஒரு மட்டத்துக்கு மேல் சோடியத்தின் பெரிய கதவுகள் படாரென்று திறக்கின்றன. அதுதான் துடிப்பு. உடனே பொட்டாசியம் வெளியே பாய்ந்து அழுத்தத்தைக் கீழே இறக்குகிறது. இதற்குள் உள்ளே வந்துவிட்ட கால்சியம் வேறொரு பொட்டாசியம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, செல்லைக் கொஞ்ச நேரம் எழவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. அது ஓய்வு. பிடி தளர்ந்ததும் மறுபடி துளித்துளியாகக் கசிவு. நாங்கள் ஊசியால் குத்தி, எங்கள் ஓட்டையின் ஒழுக்கையும் சேர்த்து அளந்துவிட்டோம். குத்தாமல் கேட்டபோதுதான் அதன் சொந்த நடை தெரிந்தது. அதை இரண்டு ஊரில், இரண்டு விதமாக, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் கேட்டோம். அந்த இன்னொருவர் என் கணவர் வால்டெமார் தெச்சேரா.”

கடைசி வரியை எடுக்கச் சொல்லிக் கோடு போடாதே. எடுக்க மாட்டேன்.

சுல்மா

*

வால்டிவியா
நவம்பர் 30, 1993

சுல்மி,

மாட்டு வைத்தியருக்கு ஒரு வரியும் புரியாமல் இல்லை. கோடு போடவில்லை. கடைசி வரியை மட்டும் நிறையத் தடவை படித்தேன்.

உனக்கு ஒரு செய்தி. இங்கே என்னை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்கிறார்களாம். ஒட்டிக் கேட்கிற முறை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒப்பந்தத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். ரோசாமெல் தன் பேனாவையே நீட்டினான். “போடுங்க டாக்டரே, மழையை நான் நிறுத்தித் தரேன்” என்றான். நான் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலில் உனக்குத் தெரிய வேண்டும், உன்னிடம் கேட்க வேண்டும், அதனால் கேட்கிறேன்: என்ன செய்யலாம்?

நீ எது சொன்னாலும் அதன்பின்தான் கையெழுத்து. ஜனவரியைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. சொற்பொழிவன்று காலையில் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுப் போ. வெறும் மாத்தேயோடு போனால் உனக்குக் குரல் கீச்சிடும்.

வால்டெமார்

*

மொன்டெவிடியோ
டிசம்பர் 18, 1993

வால்டெமார்,

முடிந்தது. சாப்பிட்டுத்தான் போனேன்.

கட்டுரையின் படத்தைத் திரையில் போட்டு, “இதில் பாதி தவறு” என்றதும் கூடத்தில் சலசலப்பு. இருரேத்தா கண்ணை மூடிக்கொண்டார். நான் பேசிக்கொண்டே போனேன். குரல் கீச்சிடவில்லை. முடிவில் மாட்டு வைத்தியர் எழுந்தார்.

“எல்லாம் சரிம்மா. இத்தனை பேர் வராங்க, போறாங்க. சோடியம், கால்சியம், பொட்டாசியம். யாருதான் தொடங்கி வைக்கிறது? ஒரே ஒருத்தர் பேரைச் சொல்லுங்க.”

“ஒருத்தர்னு இல்லீங்க ஐயா. ஒருத்தரை நிறுத்திட்டா சில சமயம் எல்லாமே நின்னுடும். சில சமயம் மத்தவங்க தடுமாறியாவது இழுத்துக்கிட்டுப் போவாங்க. நடைதான் நல்லா இருக்காது.”

“அப்படிச் சொல்லுங்க, எங்க வீடு மாதிரி!” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முன்வரிசையில் நீ வழக்கமாக உட்காருகிற ஓரத்து நாற்காலியைப் பார்த்தேன். அங்கே யாரோ ஒரு அம்மாள் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். களைப்பு என்று நினைத்திருப்பார்கள்.

முடிவு மார்ச்சில்தான் வரும். கிடைக்குமா, தெரியாது. இரண்டு நடுவர்கள் என் முகத்தையே பார்க்கவில்லை. முடிவு தெரியுமுன்பே இதை எழுதிவிட வேண்டும். பதவி கிடைத்த பிறகு எழுதினால் உனக்குத் தயவு பண்ணுகிறமாதிரி இருக்கும். கிடைக்காமல் எழுதினால் ஒப்பாரி என்பாய்.

மே மாதம் நீ கேட்டதற்குப் பதில்: நான் அங்கே வர மாட்டேன். என் எலியும் ஊசியும் டிராக்டர் டியூப்பும் இங்கேதான். அந்த மழையும் எனக்கு ஆகாது. கையெழுத்துப் போடுவதா என்று கேட்டாயே, போடாதே. போடாதே என்று சொல்கிறேன். நீ கேட்டாய், நான் சொல்கிறேன்.

நீ வா.

ஆனால் வழிவிட்டவனாக வராதே. அது எனக்கு வேண்டாம். மார்ச்சில் இந்தப் பதவி எனக்கு இல்லை என்று ஆனால் மறுபடி போட்டி வைப்பார்கள். அப்போது நீயும் விண்ணப்பம் போடு. எனக்கு எதிராக, முழு பலத்தோடு. நான் உன்னைத் தோற்கடிக்கப் பார்ப்பேன். நீ என்னைத் தோற்கடித்தால் ஒரு வாரம் உன்னோடு பேச மாட்டேன், பிறகு பேசுவேன். ஒரு சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட வேண்டி வரும், சாப்பிடலாம்.

அந்தச் செல் யாரும் இல்லாமல் துடிக்கிறது. நானே ஆராய்ந்து, நானே கூடத்தில் நின்று சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் என்னால் முடியவில்லை, வால்டெமார்.

சுல்மி

*

வால்டிவியா
டிசம்பர் 31, 1993

சுல்மி,

உன் கடிதம் நேற்று வந்தது. மறுபடி போட்டி வந்தால் விண்ணப்பம் போடுகிறேன். ஜெயிக்கவும் பார்ப்பேன், சொல்லிவிட்டேன்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரோசாமெல் தன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். பிறகு வழிக்கு என்று ஒரு பை நிறையப் புகைபோட்ட மீன் கட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நாளை மறுநாள் மலையைத் தாண்டி புவனோஸ் ஐரஸ் பஸ். அங்கிருந்து படகு. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு மூட்டை கட்டப் போகிறேன். பண்டிகை நேரத்துத் தபால், எனக்கு முன்னால் வருமா என்று சந்தேகம்தான்.

முன்னால் வந்தால், கதவைத் தாழ்ப்பாள் போடாதே. பின்னால் வந்தால், பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடு. இதில் எழுத வந்து எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது, அதையெல்லாம் அதற்குள் உன்னிடம் நேரில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வால்டெமார்